வரி இல்லாத மகன், வரி கட்டும் அம்மா

ஓசூர் சிப்காட்டில் எங்கள் கேன்டீனில் சாம்பார் சாதம் ஆறிப்போகும் அளவுக்குப் பேச்சு ஓடுவது இரண்டே விஷயங்களுக்குத்தான். ஒன்று பெங்களூரு டிராஃபிக், இன்னொன்று வருமான வரி. போன வருடம் முழுக்க இரண்டாவது.

"டிரம்ப்பே சொல்லிட்டாருப்பா. வெளிநாட்டுச் சரக்குக்கு வரி போட்டாப் போதுமாம், இன்கம் டாக்ஸே வேணாமாம். இது ஏன் நம்ம ஊர்ல ஒருத்தனுக்கும் தோண மாட்டேங்குது?"

சொன்னவர் எங்கள் சீனியர் மேனேஜர். முப்பது சதவீதப் படியைத் தொட்டவர். அவர் பே ஸ்லிப்பில் டிடிஎஸ் என்று, சம்பளம் கைக்கு வருமுன்பே மாதாமாதம் பிடித்துப் போகும் வருமான வரி, லைனில் நிற்கும் பையனின் சம்பளத்தைவிட அதிகம். அவர் வயிற்றெரிச்சல் எனக்குப் புரியும். 2025 வரை நானும் அதே கட்சிதான். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ரிட்டர்ன் போட உட்கார்ந்து, ஓடிபி வராமல் போனைத் தட்டிக்கொண்டிருந்த ஒவ்வொரு ஜூலையிலும் இந்த வரியைக் கண்டுபிடித்தவனைத் திட்டியிருக்கிறேன். (கண்டுபிடித்தவர் என்று இந்தியாவைப் பொறுத்தவரை ஒருவரைச் சொல்லலாம்: ஜேம்ஸ் வில்சன். 1857 கிளர்ச்சியை அடக்கிய செலவு கஜானாவைக் காலி செய்திருந்தது. அதற்காக 1860-ல் ஐந்தே வருடத்துக்கு என்று சொல்லிக் கொண்டுவந்தார். அதே வருடம் கல்கத்தாவில் இறந்தும் போனார். வரி 1865-ல் காலாவதியாகி, வேறு வேறு பெயர்களில் திரும்பி வந்து, 1886-ல் நிரந்தரமாக உட்கார்ந்துகொண்டது.)

அப்புறம் ஒரு வேடிக்கை நடந்தது. 2025 பட்ஜெட்டில், புதிய முறையில் 12 லட்சம் வரை வரி இல்லை என்றார்கள். சம்பளக்காரர்களுக்கு நிலையான கழிவு 75,000 சேர்த்து 12.75 லட்சம். என் சம்பளம் பத்தரை. அந்த ஏப்ரலிலிருந்து டிடிஎஸ் கட்டத்தில் பூஜ்யம். பதினைந்து வருடக் கோபத்தைக் கொண்டுபோய் எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

ஆனால் கேள்வி போகவில்லை. வருமான வரியே வேண்டாம், அதற்குப் பதில் பொருள் வாங்கும்போது வாங்கிக்கொள்ளட்டும், அல்லது துறைமுகத்தில் வாங்கிக்கொள்ளட்டும் என்றால் யார் கட்டுவார்கள்? விடை பாலக்கோடு பக்கம் எங்கள் வீட்டில், ஒரு ஜவுளிக்கடை பிளாஸ்டிக் கவருக்குள் இருந்தது.

அம்மாவுக்கு ஒன்றரை ஏக்கர் மல்பெரி. அப்பா இருந்தபோது தக்காளி போட்டுத் தோற்று, பட்டுப்புழுவுக்கு மாறிய நிலம். அம்மா வாழ்க்கையில் ஒரு ரூபாய் வருமான வரி கட்டியதில்லை. விவசாய வருமானத்துக்கு வரி போடும் அதிகாரம் அரசியல் சட்டப்படி மாநிலத்திடம் இருக்கிறது, மத்திய அரசு தொட முடியாது. அதனால் 'வரி கட்டாத குடும்பம்' என்றே நானும் நினைத்து வந்தேன். பஸ்ஸில் யாராவது "விவசாயிங்க வரியா கட்டுறாங்க?" என்று கேட்டால் தலைகுனிந்து ஜன்னல் பக்கம் பார்ப்பேன்.

2023-ல் பழைய கொட்டகையைப் பிரித்துவிட்டுப் புதிதாகப் புழு வளர்ப்பு மனை கட்டினோம். பட்டு வளர்ச்சித் துறையில் மானியத்துக்கு எழுதிப்போட வேண்டும் என்பதால் ஆணி வாங்கிய சீட்டுவரை அம்மா எடுத்து வைத்திருந்தார். போன பொங்கலுக்குப் போனபோது அந்தக் கவரைத் திண்ணையில் கொட்டி, போனில் கால்குலேட்டரைத் திறந்தேன். சிமென்ட் 150 மூட்டை, 60,000 ரூபாய். அப்போது சிமென்டுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதம். அந்த அறுபதாயிரத்துக்குள்ளேயே 13,125 ரூபாய் வரி. கம்பி 78,000, 18 சதவீதத்தில் ஏறக்குறைய 11,900. இரண்டும் சேர்த்து 25,000. பெயின்ட், ஒயர், பைப் எல்லாம் தனி, அவற்றை நான் கூட்டவே இல்லை.

அந்த வருடம் கூடு விற்று, செலவு போக அம்மா கையில் நின்றது இரண்டு லட்சத்துக்கும் கீழே. அதே வருடம் ஒன்பது லட்சம் சம்பளத்துக்கு நான் கட்டிய வருமான வரி, செஸ் சேர்த்து 41,600. எனக்கு நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. 'வரி கட்டாத' அம்மாவுக்குப் பன்னிரண்டுக்கும் மேல்.

மனை வருடா வருடம் கட்டுவதில்லை, ஒத்துக்கொள்கிறேன். நானும் அந்த வருடம் ஜிஎஸ்டி கட்டியிருப்பேன், அதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஆனாலும் எனக்கும் அம்மாவுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. என் சம்பளத்தில் கால்வாசி பிஎஃப், சீட்டு, எஸ்ஐபி என்று சேமிப்பில் போய் உட்கார்ந்துவிடும். அந்தக் காசைச் செலவு வரி தொடாது. மேனேஜருக்குப் பாதி மிஞ்சும். அம்மா கைக்கு வருவது முழுக்கக் கடைக்குப் போகும். செலவுக்கு வரி போடு என்று கேட்கும்போது, மிச்சம் பிடிக்க முடிந்தவனை விட்டுவிடு என்றும் சேர்த்தே கேட்கிறோம்.

இதில் இன்னொரு சங்கடம், பலருக்குத் தெரியாதது. பட்டுக்கூட்டுக்கு ஜிஎஸ்டி கிடையாது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் விற்கும் பொருளுக்கு வரி இல்லையென்றால், அதை உண்டாக்க வாங்கிய பொருளில் கட்டிய வரியைத் திரும்பக் கழித்துக்கொள்ள முடியாது. எங்கள் கம்பெனி ஷெட்டில் ஒரு போல்ட் வாங்கினாலும் அந்த வரியை உள்ளீட்டு வரியாகக் கழித்துவிடும். அம்மா வாங்கிய உரத்தின் வரி அம்மாவோடு நின்றுவிடும். விலக்கு என்ற வார்த்தைக்குள் இப்படி ஒரு முள் இருக்கிறது.

2025 செப்டம்பர் 22-லிருந்து சோப்பு, பற்பசை, தலைக்கு வைக்கும் எண்ணெய் எல்லாம் 18-லிருந்து 5 சதவீதத்துக்கு வந்தன, சிமென்டும் 28-லிருந்து 18 ஆனது. நல்லது. மனை கட்டி முடித்து இரண்டு வருடம் கழித்து வந்ததில்தான் அம்மாவுக்கு வருத்தம்.

சரி, மேனேஜரின் கணக்குக்கு வருவோம். மத்திய பட்ஜெட்டோடு 'ஒரு ரூபாய் எங்கிருந்து வருகிறது' என்று ஒரு வட்டப்படம் போடுவார்கள். 2025-26-க்கான படத்தில் தனிநபர் வருமான வரி 22 காசு. ஜிஎஸ்டி 18 காசு, கம்பெனி வரி 17 காசு. சுங்க வரி 4 காசு. கடன்தான் எல்லாவற்றையும்விடப் பெரிது, 24 காசு. தொகையாகச் சொன்னால் வருமான வரியில் எதிர்பார்த்தது 14.38 லட்சம் கோடி, சுங்கத்தில் 2.40 லட்சம் கோடி. வருமான வரியை எடுத்துவிட்டு அந்தப் பள்ளத்தைச் சுங்கத்தால் மூட வேண்டுமென்றால், சுங்க வசூல் ஏழு மடங்காக வேண்டும். ஏழு மடங்கு வரி போட்ட பிறகும் கப்பலில் அதே அளவு சரக்கு வந்துகொண்டிருக்க வேண்டும். தங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 15 சதவீதமாக இருந்த வரியை 2024 ஜூலையில் 6 ஆக்கினார்கள். அதையே முப்பது, நாற்பது என்று ஏற்றினால் தங்கம் கஸ்டம்ஸ் கவுண்டர் வழியாக வராது, பனியனுக்குள் வரும். ஜிஎஸ்டி வழியாக மூடுவதென்றால் மத்திய அரசின் ஜிஎஸ்டி வசூல் இரண்டு மடங்குக்கும் மேல் ஏற வேண்டும். அஞ்சு சதவீத சோப்பு அஞ்சாக இருக்காது.

அமெரிக்காவிலும் இதே பள்ளம்தான், இன்னும் ஆழமாக. அங்கே 1913-ல் அரசியல் சட்டத்தின் பதினாறாவது திருத்தம் வரும்வரை மத்திய அரசு பெரும்பாலும் சுங்கத்திலும் கலால் வரியிலும்தான் ஓடியது. டிரம்ப் சொல்லும் பொற்காலம் அது. ஆனால் அன்றைய அரசுக்கு முதியோர் ஓய்வூதியமும் கிடையாது, மருத்துவக் காப்பீடும் கிடையாது. 2024 நிதியாண்டில் அங்கே தனிநபர் வருமான வரி சுமார் 2.4 லட்சம் கோடி டாலர். சுங்க வரி எட்டாயிரம் கோடி டாலரைக்கூடத் தொடவில்லை. முப்பது மடங்கு இடைவெளி.

அந்தச் சுங்கத்தை யார் கட்டுவது என்ற கேள்விக்கு எங்கள் மாவட்டத்திலேயே பதில் கிடைத்தது. என் சித்தப்பா மகன் பர்கூர் பக்கம் ஒரு கிரானைட் பாலிஷ் பட்டறையில் சூப்பர்வைசர். 2025 ஆகஸ்டில் இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா 50 சதவீதம் வரை போட்டபோது, "அண்ணா, அந்த வரிய நாமளா கட்டணும்?" என்று கேட்டான். சட்டப்படி கட்டுபவர் அங்கே இறக்குமதி செய்பவர், நாம் இல்லை என்றேன். பெருமூச்சு விட்டான். அடுத்த வாரம் போன். வாங்குபவர் 'விலையில் பாதியாவது விட்டுக்கொடுங்கள், இல்லாவிட்டால் அந்தக் கன்டெய்னர் வேண்டாம்' என்று மெயில் போட்டிருக்கிறார். ஓவர்டைம் நின்றது. மிச்சப் பாதி அங்கே சமையலறை மேடைக்குக் கல் வாங்கும் குடும்பத்தின் தலையில். ஆக, வரி போட்டவர் வாஷிங்டனில். கட்டியவர்களில் ஒருவன் பர்கூரில் பைக் தவணையைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தான்.

இதனால் சுங்க வரியே கூடாது என்று நான் சொன்னால் அம்மா என்னை வீட்டுக்குள் விட மாட்டார். 2011 பட்ஜெட்டில் கச்சாப் பட்டின் இறக்குமதி வரியை 30-லிருந்து 5 சதவீதமாக ஒரே வெட்டாக வெட்டினார்கள். சீனப் பட்டு மலிவாக உள்ளே வந்தது. அந்த வருடம் தருமபுரி பட்டுக்கூடு அங்காடிக்கு அம்மாவோடு போனது நினைவிருக்கிறது. விடியற்காலையில் கூட்டைத் தட்டில் கொட்டிப் பரப்பிவிட்டு, ஏலம் கேட்க வரும் நூற்பாளர்களின் முகத்தைப் பார்த்தபடி நிற்பார்கள். ஒருவர் ஒரு கை அள்ளி, காதருகே கொண்டுபோய்க் குலுக்கிப் பார்த்து, ஒரு விலை சொன்னார். போன அறுவடைக்குக் கிடைத்ததில் பாதி. அம்மா அவரிடம் எதுவும் பேசவில்லை. பக்கத்துத் தட்டுக்காரர்தான் "இதுக்குத் தழை பறிச்ச கூலிகூட ஆவாதுங்க" என்றார். ஊரில் நான்கைந்து பேர் அந்த வருடமே மல்பெரிச் செடியை வேரோடு பிடுங்கிவிட்டு மரவள்ளி போட்டார்கள். 2013-ல் வரியை 15-ஆக ஏற்றினார்கள், பிறகு பத்தாகக் குறைத்து 2021-ல் மறுபடி 15. ஏற்றினால் அம்மாவுக்கு மூச்சு வரும். ஆரணியிலும் காஞ்சிபுரத்திலும் நூல் விலை ஏறித் தறிக்காரருக்கு மூச்சு முட்டும்.

ஆனால் கவனியுங்கள், அந்த வரி கஜானாவை நிரப்பப் போட்டதில்லை. சீனப் பட்டு வராமலிருக்கப் போட்டது. நன்றாக வேலை செய்தால் பட்டு வராது, பட்டு வராவிட்டால் வரியும் வராது. சரக்கைத் தடுக்கவும் வேண்டும், அந்தச் சரக்கின் வரியில் நாட்டை நடத்தவும் வேண்டும் என்றால், வேலியும் அதுவே வாசலும் அதுவே என்கிற மாதிரி. மேனேஜரிடம் இதைச் சொன்னபோது, "அப்ப ஜிஎஸ்டிய ஏத்தட்டும்" என்று உடனே அடுத்த கிளைக்குத் தாவினார்.

இங்கேதான் எங்கள் மண்ணின் பழைய கதையைச் சொல்ல வேண்டும். ஓசூர் பக்கத்தில் தொரப்பள்ளி என்று ஒரு கிராமம். ராஜாஜி பிறந்த ஊர். அவர் பிறந்த வீட்டை நினைவு இல்லமாக வைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிவந்து மூதறிஞர், கவர்னர் ஜெனரல் என்றெல்லாம் சொல்வார்கள். விற்பனை வரியைச் சொல்ல மாட்டார்கள்.

1937-ல் சென்னை மாகாணத்தின் பிரதமராக (இன்றைய முதல்வர் மாதிரி) இருந்த ராஜாஜி மதுவிலக்கை முதலில் சேலம் மாவட்டத்தில்தான் கொண்டுவந்தார், அக்டோபர் 1 அன்று. அன்றைய சேலம் மாவட்டம் என்றால் இன்றைய தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அதற்குள். (தருமபுரி பிரிந்தது 1965-ல், கிருஷ்ணகிரி 2004-ல்.) கள்ளு, சாராய வரி மாகாணத்தின் பெரிய வருமானங்களில் ஒன்று. அதை விட்டுவிட்டால் பணத்துக்கு எங்கே போவது? 1939-ல் பொது விற்பனை வரிச் சட்டம் வந்தது. எல்லாப் பொருள்களுக்கும் பொதுவாக விற்பனை வரி போட்ட முதல் மாகாணம் இந்தியாவிலேயே சென்னைதான். ஒரு வரியை எடுத்துவிட்டு அதன் இடத்தில் செலவு வரியை வைப்பது என்று இன்று கேன்டீனில் பேசுகிறோமே, அதை எண்பது வருடங்களுக்கு முன்பே செய்து பார்த்தவர் எங்கள் ஊர்க்காரர்.

பிறகு என்ன ஆயிற்று? மதுவிலக்கு போனது, வந்தது, மறுபடி போனது. 2003-லிருந்து டாஸ்மாக்கே சில்லறையில் விற்கிறது. மதுவிலிருந்து மாநிலத்துக்கு இப்போது வருடத்துக்கு 45,000 கோடிக்கு மேல். விற்பனை வரியோ போகவே இல்லை. வாட் என்ற மதிப்புக் கூட்டு வரி ஆனது, 2017-ல் பெரும்பகுதி ஜிஎஸ்டிக்குள் போனது. ஜிஎஸ்டிக்குள் போகாமல் வெளியே நின்றவற்றில் மது ஒன்று, அதற்கு இன்றும் வாட்தான். சாராயக் காசுக்கு மாற்றாக வந்த வரி, கடைசியில் சாராயப் பாட்டிலின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டது. ராஜாஜிக்கு எடுத்த எடுப்பில் தெரிந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ.

வருமான வரியை எடுத்துவிட்டு ஜிஎஸ்டியை முப்பதாக்கினால், பத்து வருடம் கழித்து ஒரு போர் வரும், ஒரு கொரோனா வரும். அப்போது 'தற்காலிகமாக' ஒரு வருமான வரி திரும்பி வரும். ஜிஎஸ்டி முப்பதிலேயே இருக்கும். இது என் ஊகம்தான். ஆனால் வில்சனின் ஐந்து வருடமும் தொரப்பள்ளிக்காரரின் மாற்று வரியும் எனக்கு வேறு மாதிரி நினைக்க இடம் தரவில்லை. எடுத்து நல்ல பெயர் வாங்கியவர் என்றால் முதலாம் குலோத்துங்கன் ஒருவரைச் சொல்லலாம். சுங்கத்தை எடுத்ததற்காகவே 'சுங்கந்தவிர்த்த சோழன்' என்று பெயர். ஒன்பது நூற்றாண்டாகியும் அந்தப் பட்டம் ஞாபகத்தில் இருக்கிறது என்றால், அப்படிச் செய்பவர்கள் எவ்வளவு அரிது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மேனேஜர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. சம்பளக்காரன் கையில் காசு வருவதற்கு முன்பே பிடித்துவிடுகிறார்கள். பெங்களூரு காசில் தேன்கனிக்கோட்டைப் பக்கம் நாற்பது ஏக்கர் வளைத்துப் போட்டு, மற்ற வருமானத்தையெல்லாம் ரோஜாத் தோட்டத்தில் விளைந்ததாகக் காட்டுபவரை வருமான வரி பிடிப்பதில்லை. அவரே ஒரு கார் வாங்கினால் ஜிஎஸ்டி பிடித்துவிடும். உண்மை. அதேபோல, 2017-க்கு முன்னால் ஜூஜூவாடி செக்போஸ்ட்டில் விற்பனை வரிக் காகிதத்துக்காக நின்ற லாரி வரிசையைப் பார்த்தவர்கள் ஜிஎஸ்டியைச் சும்மா திட்ட மாட்டார்கள். பலநாள் என் ஷிப்ட் பஸ் அந்த வரிசையில் மாட்டியிருக்கிறது.

செலவு வரியைப் பணக்காரருக்கு மட்டும் போட்டால் என்ன? அதையும் செய்து பார்த்தாயிற்று. கேம்பிரிட்ஜிலிருந்து நிக்கலஸ் கால்டார் என்ற பொருளாதார அறிஞர் 1956-ல் வந்து யோசனை எழுதிக் கொடுத்தார். 1957-ல் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி செலவு வரிச் சட்டம் கொண்டுவந்தார். ஒருவர் வருடத்தில் எவ்வளவு செலவழித்தார் என்று கணக்குக் கேட்டு, கூடுதலாகச் செலவழிப்பவரிடம் கூடுதலாக வாங்குவது. காகிதத்தில் அழகு. கல்யாணத்துக்கு எவ்வளவு, கார் யாருடையது என்று அதிகாரிகள் தேடி அலைந்ததுதான் மிச்சம், வசூல் சொற்பம். 1962-ல் எடுத்தார்கள், டிடிகே மறுபடி நிதியமைச்சராக வந்து 1964-ல் மறுபடி போட்டார், 1966-ல் மறுபடி எடுத்தார்கள்.

அமெரிக்காவில் 'ஃபேர் டாக்ஸ்' என்று பல வருடமாக ஒரு மசோதா இருக்கிறது. வருமான வரி மொத்தமும் போய், 23 சதவீத விற்பனை வரி. நூறு ரூபாய்ப் பொருளுக்கு நாம் கணக்குப் போடும் விதத்தில் அது முப்பது. நூற்று முப்பது கொடுத்தால் அதில் 23 சதவீதம் வரி என்று எழுதிக்கொள்கிறார்கள், நம்மூர் நகைக்கடை சேதாரம் மாதிரி. ஆனால் அதில் ஒரு நல்ல அம்சம் உண்டு. ஏழை, பணக்காரர் என்று பார்க்காமல் ஒவ்வொரு குடும்பத்துக்கும் அடிப்படைச் செலவுக்கான வரியை மாதாமாதம் முன்கூட்டியே கையில் கொடுத்துவிடுவார்கள்.

இதைப் படித்தபோது எனக்குச் சட்டென்று மகளிர் உரிமைத் தொகை ஞாபகம் வந்தது. 2023 செப்டம்பரிலிருந்து அம்மாவுக்கு மாதம் ஆயிரம் வருகிறது. (நான் தனி ரேஷன் கார்டு. இல்லாவிட்டால் என் வருமான வரியைக் காட்டி அம்மா பெயரை அடித்திருப்பார்கள்.) வருடத்துக்குப் பன்னிரண்டாயிரம். மனைக்குக் கட்டிய வரி திரும்பி வர இரண்டு வருடத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகும். இலவசம், இலவசம் என்று கேன்டீனில் யார் பேசினாலும் இப்போதெல்லாம் எனக்கு அந்த சிமென்ட் பில்தான் கண்ணில் வருகிறது.

அன்று திண்ணையில் இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தேன். அம்மா தழை நறுக்கிய கையைத் துடைத்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டார். எனக்குப் போன வருடம் கூடுதலாகப் பிடித்த டிடிஎஸ் நாலாயிரம் ரூபாய், ரிட்டர்ன் போட்ட பிறகு வட்டியோடு திரும்பி வந்ததையும் பேச்சோடு பேச்சாகச் சொன்னேன்.

"திருப்பியே குடுக்கறாங்களா?"

"கூடப் பிடிச்சிருந்தா குடுப்பாங்கம்மா. ஆன்லைன்ல ஒரு ஃபாரம்."

"அப்ப இந்தச் சீட்டுக்கெல்லாம்?"

"இதுக்கு அப்படி ஒண்ணும் இல்ல."

கொட்டிக் கிடந்த பில்களை ஒவ்வொன்றாக நீவி அடுக்கி, மறுபடி அதே கவருக்குள் போட்டார். மானியம் எப்போதோ வந்துவிட்டது, இனி எதற்கு என்றேன்.

"இருக்கட்டும்டா. எப்பவாச்சும் கேப்பாங்க."